பெட்டியில "9 எம்எம்"னு இருந்தா மட்டும் போதாது: கைத்துப்பாக்கித் தோட்டாக்களோட பேரைப் படிக்கிறது எப்படி

டெக்சாஸ்ல டாலஸ் பக்கம் இருக்கேன். எங்க அப்பார்ட்மென்ட்லயே கோவில்பட்டிக்கார அண்ணன் ஒருத்தர் இருக்கார், அவர் செகண்ட் ஹேண்ட்ல சின்ன பிஸ்டல் ஒண்ணு வாங்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை காலையில போன் பண்ணி, "தம்பி, ரேஞ்சுக்கு வர்ற வழியில 9 எம்எம் ரெண்டு பெட்டி வாங்கிட்டு வந்துருப்பா, காசு அங்க தர்றேன்"னார். நானும் கடையில போய் 9 எம்எம்னு கேட்டேன், எடுத்துக் கொடுத்தாங்க, பில் போட்டு வாங்கிட்டுப் போயிட்டேன்.

ரேஞ்ச்ல (சுட்டுப் பழகுற இடம்) உக்காந்து மேகசின்ல (தோட்டாக்களை அடுக்கி பிஸ்டலுக்குள்ள சொருகுற பெட்டி) முதல் தோட்டாவை வச்சு அமுக்கினா உள்ள போகவே இல்ல. பின்பக்கம் சரியா உக்காருது, முன்பக்கம் மூக்கு மேகசின் சுவர்ல இடிச்சுக்கிட்டு நிக்குது. புது ஸ்பிரிங், டைட்டா இருக்கும்னு நினைச்சு அண்ணன் இன்னும் அழுத்திப் பாத்தார். அங்க இருந்த சேஃப்டி ஆபீசர், வயசானவர், பாத்துட்டு வந்து துப்பாக்கியை வாங்கி பக்கவாட்டுல பொறிச்சிருந்த எழுத்தைக் காட்டினார். "9 எம்எம் குர்ஸ்"னு இருந்தது. குர்ஸ்னா ஜெர்மன்ல குட்டை. அமெரிக்கக் கடையில அதுக்குப் பேரு .380. நான் வாங்கிட்டுப் போனது 9 எம்எம் லூகர், நீளத்துல கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் கூட. திருப்பிக் கொடுக்கப் போனா, தோட்டா ஒரு தடவை கடையை விட்டு வெளிய போயிட்டா திரும்ப எடுக்க மாட்டோம்னுட்டாங்க. பெரும்பாலான கடையில இதுதான் ரூல்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

அன்னைக்கு உள்ள போகாததால பணம்தான் போச்சு. சில தப்பான ஜோடி உள்ள போகும், வெடிக்கவும் செய்யும், அங்கதான் கை போகும் கண்ணு போகும். அதனால இதை முழுசா கத்துக்கிட்டு எழுதுறேன், புதுசா ஆரம்பிக்கிறவங்க யாரும் இந்த மாதிரி அலையக் கூடாது.

1. முதல்ல உங்க விசா என்னன்னு பாருங்க

பேரைப் பத்தி பேசுறதுக்கு முன்னாடி இது. எச்1பி, எச்4, எஃப்1 மாதிரி விசாவுல இருக்கிறவங்க அமெரிக்கால துப்பாக்கி மட்டும் இல்ல, தோட்டாவைக் கூட கையில வச்சிருக்கக் கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் சொல்லுது. ரேஞ்ச்ல வாடகைத் துப்பாக்கியை எடுத்து சுடுறதும் இதுலதான் வரும். விதிவிலக்கு இருக்கு, அதுல நம்ம ஆளுங்க சாதாரணமா பயன்படுத்துறது வேட்டை லைசென்ஸ். ஏதாவது ஒரு ஸ்டேட் கொடுத்த, காலாவதி ஆகாத ஹன்டிங் லைசென்ஸ் கையில இருந்தா அந்தத் தடை விலகும்.

டெக்சாஸ்ல ஆறு மாசமா குடியிருக்கிறவங்களுக்கு சாதாரண ஹன்டிங் லைசென்ஸ் 25 டாலர். மாட்டிக்கிற இடம் தேதி. லைசென்ஸ் வருஷம் செப்டம்பர் 1-ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் 31-ல முடியும், நீங்க ஜூலைல வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ல தீர்ந்துரும். புதுசு எடுக்க மறந்துட்டா செப்டம்பர் 1 காலையில உங்க அலமாரியில இருக்கிற பெட்டியே குற்றம். போன்ல ரிமைண்டர் வச்சுக்கோங்க, பழைய லைசென்ஸ் தீர்றதுக்கு முன்னாடியே அடுத்த வருஷத்துது விற்பனைக்கு வந்துரும்.

இன்னொண்ணு, கடையில தோட்டா வாங்கும்போது டிரைவிங் லைசென்ஸ்ல வயசை மட்டும் பாத்துட்டு கொடுத்துருவாங்க, விசாவைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. கேக்கலைன்னா தப்பில்லன்னு அர்த்தம் இல்ல. மாட்டினா வழக்கோட நிக்காது, நாடு கடத்துற வரைக்கும் போகும். நான் கிரீன் கார்டு வர்ற வரைக்கும் ரேஞ்ச் பக்கமே போகல. உங்க நிலைமை கொஞ்சம் குழப்பமா இருந்தா இமிக்ரேஷன் வக்கீல் ஒருத்தரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க, அந்த ஃபீஸ் வீண் இல்ல.

வயசு: லைசென்ஸ் உள்ள டீலர் கைத்துப்பாக்கித் தோட்டாவை 21 வயசு ஆனவங்களுக்குத்தான் விக்கலாம், ரைஃபிள் தோட்டான்னா 18. ஸ்டேட் விதி தனி. இல்லினாய்ஸ்ல தோட்டா வாங்கவே ஃபாய்ட் கார்டு (துப்பாக்கி வச்சிருக்கிறவங்களுக்கு அந்த ஸ்டேட் கொடுக்கிற அடையாள அட்டை) வேணும். வேற ஸ்டேட்ல இருக்கிறவங்க உங்க ஸ்டேட் விதியைப் பாத்துட்டு கடைக்குப் போங்க.

2. தோட்டா வேற, குண்டு வேற

இங்க்லீஷ்ல புதுசா பேசுறவங்க எல்லாத்தையும் புல்லட்னு சொல்லுவாங்க, கடைக்காரர் உடனே கண்டுபிடிச்சுருவார் இவர் புதுசுன்னு. நமக்கு இது ஈஸியா வரணும், ஏன்னா தமிழ்ல ஏற்கனவே பிரிச்சுதான் வச்சிருக்கோம். பேப்பர்ல "3 தோட்டாக்கள் பறிமுதல்"னு போடுவாங்க, "குண்டு பாய்ந்தது"ன்னு போடுவாங்க. பெரும்பாலும் மாத்திப் போட மாட்டாங்க. தோட்டாங்கிறது முழு சாமான், அதாவது கார்ட்ரிட்ஜ். குண்டுங்கிறது பறந்து போற முன்பகுதி மட்டும், அதுதான் புல்லட். இலங்கைத் தமிழ்ல தோட்டாவை ரவைன்னு சொல்லுவாங்க.

முழுத் தோட்டாவுல நாலு பாகம். பித்தளைக் கூடு, அதுக்குப் பேரு கேஸ். உள்ள மருந்து, பவுடர். அடியில பொறி கிளப்புற பிரைமர். மேல குண்டு. ரவுண்ட்னு சொன்னா ஒரு முழுத் தோட்டா.

இதுல ஒரு வார்த்தை ரெண்டு வேலை செய்யும்: கேஸ். ஒரு பித்தளைக் கூடும் கேஸ்தான், ஆயிரம் ரவுண்ட் இருக்கிற அட்டைப்பெட்டியும் கேஸ்தான். ஆன்லைன்ல "ஒரு கேஸ் விலை"ன்னு போட்டிருந்தா அது ஆயிரத்துக்கு. ஆனா "பிராஸ்"னு தனியா விக்கிறது வெறும் கூடு, அதுல சுட முடியாது, வீட்டுலயே கூட்டுல மருந்தும் குண்டும் வச்சு ரீலோட் பண்றவங்க வாங்குறது. விலை கம்மியா இருக்கேன்னு அதை ஆர்டர் பண்ணிட்டு முழிக்காதீங்க.

3. துப்பாக்கியில என்ன பொறிச்சிருக்குன்னு முதல்ல எழுதி வச்சுக்கோங்க

கடைக்குப் போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ஒரே வேலை இதுதான். மேகசினைக் கழட்டி, சேம்பர் (சுடுறப்போ தோட்டா உக்கார்ற குழி) காலின்னு கண்ணால பாத்து, விரலாலயும் தொட்டுப் பாத்துட்டு, பேரல் (குழல்) மேலயோ ஸ்லைடு (பிஸ்டலோட மேல முன்னும் பின்னும் நகர்ற பாகம்) பக்கத்துலயோ இருக்கிற எழுத்தை ஒரு எழுத்து விடாம போன்ல போட்டோ எடுங்க. பிஸ்டல்ல குண்டு காலி ஆன கூடு வெளிய வர்ற ஜன்னல் வழியா பாத்தா பேரல் மேலயே சின்னதா தெரியும். ரிவால்வர்னா (மேகசினுக்குப் பதிலா சுத்துற சிலிண்டர் உள்ளது) பேரலோட பக்கவாட்டுல இருக்கும்.

நம்பரை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டுப் போகாதீங்க. "38" பாதிப் பேரு. ".38 ஸ்பெஷல்" முழுப் பேரு. நம்ம ஊர்ல முருகன்னு கூப்பிட்டா தெருவுல நாலு பேரு திரும்புவாங்க இல்ல, இனிஷியல் சேத்து சொன்னாதான் ஆள் யாருன்னு தெரியும், அந்த மாதிரி. நம்பருக்குப் பின்னாடி வர்ற வார்த்தைதான் இங்க இனிஷியல்.

பழைய துப்பாக்கி, இல்ல யாராவது பேரலை மாத்தின துப்பாக்கின்னா பொறிச்சதையும் முழுசா நம்ப முடியாது. ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கிட்ட கொண்டு போய் காட்டிட்டு அப்புறம் சுடுங்க.

4. நம்பர் எல்லாம் அளவு இல்ல

ரெண்டு விதமா பேர் வைக்கிறாங்க. ஐரோப்பா வழி மில்லிமீட்டர்ல: 9×19. முதல் நம்பர் குண்டோட விட்டம், ரெண்டாவது பித்தளைக் கூட்டோட நீளம் (முழுத் தோட்டா நீளம் கிடையாது, இதுலயும் நிறைய பேர் தப்பு பண்றாங்க). கடைசியில ஆர்னு எழுத்து வந்தா அடியில விளிம்பு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும்னு அர்த்தம், பெரும்பாலும் ரிவால்வருக்கு. இந்த வழி ஓரளவு நேர்மையானது.

அமெரிக்க வழி இன்ச்ல: .45, .38, .380. புள்ளி 45-னா 0.45 இன்ச். வாயால சொல்லும்போது புள்ளியைச் சொல்ல மாட்டாங்க, ஃபார்ட்டி ஃபைவ், தர்ட்டி எய்ட், த்ரீ எய்ட்டி. இதுல தர்ட்டி எய்ட்டும் த்ரீ எய்ட்டியும் காதுல ஒரே மாதிரி விழும், கணக்குல பாத்தாலும் .38-ம் .380-ம் ஒண்ணுதானே, ஆனா ரெண்டும் சுத்தமா வேற தோட்டா. போன்ல ஆர்டர் பண்றவங்க ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

அந்த இன்ச் நம்பரும் பல நேரம் உண்மை இல்ல. .38 ஸ்பெஷல்ல இருக்கிற குண்டு 0.357 இன்ச்தான், .38 இல்ல. .44 மேக்னம்ல 0.429. .380-ல 0.355. .357 சிக்னு ஒண்ணு இருக்கு, அதுல இருக்கிறது 0.357 கூட இல்ல, அதுவும் 0.355. இஞ்சினியர் மூளை உள்ளவங்களுக்கு (நம்மள்ல பாதிப் பேரு அப்படித்தானே) இது பெரிய பொறி. நம்பரை வச்சு கணக்குப் போட்டு "இது அதுக்குள்ள போகும்"னு முடிவு பண்ணாதீங்க. நானும் முதல் மாசம் ஸ்ப்ரெட்ஷீட் போட்டு லாஜிக் தேடினேன், லாஜிக் கிடையாது. அதைப் பேரா எடுத்துக்கணும், அளவா எடுத்துக்கக் கூடாது.

5. ஒரே தோட்டாவுக்குப் பல பேர்: 9 எம்எம் குடும்பம்

9 எம்எம் லூகர், 9 எம்எம் பாராபெல்லம், 9×19 எல்லாம் ஒண்ணுதான். அமெரிக்கால யாராவது சும்மா "நைன்"னு சொன்னா இதுதான். 9 எம்எம் நேட்டோன்னு போட்டிருந்தா அளவு அதேதான், அழுத்தம் கொஞ்சம் கூட இருக்கும், இந்தக் காலத்து நல்ல துப்பாக்கி தாங்கும், ஆனா மேனுவல்ல பாத்துக்கோங்க.

.380 ஏசிபி, .380 ஆட்டோ, 9 எம்எம் குர்ஸ், 9 எம்எம் ஷார்ட், 9 எம்எம் கோர்ட்டோ, 9×17. இத்தனையும் ஒரே தோட்டா. கோர்ட்டோன்னா இத்தாலியன்ல குட்டை. நாங்க மாட்டினது இங்கதான். பழைய ஐரோப்பிய பிஸ்டல் கையில வந்தா 9-க்குப் பின்னாடி ஏதாவது வார்த்தை இருக்கான்னு கட்டாயம் பாருங்க.

மூணாவது 9×18 மக்காரோவ், பழைய சோவியத் பக்கத்து பிஸ்டலுக்கு. பேருல 9 இருந்தாலும் குண்டு 9.27 மில்லிமீட்டர், மத்த ரெண்டை விட தடிமன். இது வேற எதுக்கும் ஆகாது.

எங்க கதைக்குத் தலைகீழா நடந்தா இன்னும் மோசம். குட்டை .380 நீளமான 9 எம்எம் சேம்பருக்குள்ள சில நேரம் போய் உக்காந்து வெடிச்சும் போகும். கூடு பிடிப்பில்லாம ஊதிப்போய் வெளிய வரும், துப்பாக்கி அடுத்த ரவுண்டை ஏத்தாது. அதே மாதிரி .40 துப்பாக்கியில 9 எம்எம் போட்டு சுட்டா கூடு நீளவாக்குல கிழிஞ்சு வரும். ரேஞ்ச்ல கீழ கிடக்கிற காலிக் கூடுகள்ல நானே ஒண்ணு எடுத்துப் பாத்திருக்கேன், வாய்ப் பக்கம் நேரா இல்லாம பூசணிப் பூ மாதிரி விரிஞ்சிருந்தது. அதை சுட்டவருக்கு அடி படலன்னு நம்புறேன்.

6. 38 குடும்பம், இதுக்கு நிதானமா நேரம் ஒதுக்குங்க

எனக்கு அதிக நாள் எடுத்தது இதுதான், தப்பு நடந்தா ஆபத்து அதிகமா இருக்கிறதும் இங்கதான்.

.38 ஸ்பெஷல்: ரிவால்வர் தோட்டா, விளிம்பு உள்ளது. .357 மேக்னம்: அதே அகலம், அதே குண்டு, கூடு மட்டும் சுமார் மூணரை மில்லிமீட்டர் நீளம் கூட. அந்த நீளம் சும்மா வச்சது இல்ல, மேக்னம் தோட்டா ஸ்பெஷல் ரிவால்வருக்குள்ள போகக் கூடாதுன்னே வச்சது. ஏன்னா .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தர அமைப்பு "சாமி" (SAAMI) வச்சிருக்கிற உச்ச அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ, மேக்னத்துக்கு 35,000. ரெண்டு மடங்கு. அதனால .357 மேக்னம் ரிவால்வர்ல .38 ஸ்பெஷல் தாராளமா சுடலாம், எதிர்ப்பக்கம் கூடவே கூடாது. ஊருல சைக்கிள் பழக சின்ன சைக்கிள் எடுக்கிற மாதிரி, மேக்னம் ரிவால்வர் வச்சிருக்கிற நிறைய பேர் பழகுறதுக்கு ஸ்பெஷல்தான் சுடுவாங்க, விலையும் கம்மி உதையும் கம்மி.

ஆனா ஒரு சின்ன விஷயம் யாரும் சொல்லித் தர மாட்டாங்க. குட்டை ஸ்பெஷலை மேக்னம் சிலிண்டர்ல நிறைய சுட்டா அதோட வாய் முடியற இடத்துல கரி வளையம் மாதிரி படியும். அப்புறம் நீளமான மேக்னத்தைப் போட்டா அந்த வளையத்துல தடுக்கி முழுசா உக்காராது. கையால குத்தி ஏத்தாதீங்க, பிரஷ் போட்டு சேம்பரைத் தேய்ச்சுட்டு போடுங்க.

.38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸன்): இது .38 ஸ்பெஷல் கிடையாது! கூடு குட்டை, ஆனா தடிமன் கூட. பழைய பிரிட்டிஷ் ராணுவம் இந்த அளவுல ஒண்ணு வச்சிருந்தது, அதை அவங்க ".380 ரிவால்வர்"னு கூப்பிட்டாங்க, அதுக்கும் பிஸ்டல் .380-க்கும் சம்பந்தமே இல்ல. தாத்தா காலத்து வெப்லி ரிவால்வர் கையில வந்தா பேரலைப் பாத்துட்டு .380-ன்னு போய்க் கேட்டுடாதீங்க.

.38 சூப்பர்: பிஸ்டலுக்கு. இதுக்கு .38 ஏசிபின்னு ஒரு பழைய அண்ணன் உண்டு. அச்சு அசல் அதே அளவு, ஒண்ணு போக வேண்டிய இடத்துல இன்னொண்ணு போகும், ஆனா சூப்பரோட அழுத்தம் ரொம்ப அதிகம். பழைய .38 ஏசிபி பிஸ்டல்ல சூப்பரைப் போட்டா அந்த இரும்பு தாங்காது. அளவு தடுக்காத இடத்துல உங்க கண்ணு மட்டும்தான் தடுப்பு.

7. மத்தது சுருக்கமா

.40 எஸ் அண்ட் டபிள்யூ, 10 எம்எம் ஆட்டோ: குண்டு ஒரே விட்டம், 10 எம்எம் கூடு நீளம், அழுத்தமும் கூட. ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தாதீங்க.

.45 ஏசிபியும் .45 ஆட்டோவும் ஒண்ணு. ஏசிபின்னா ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல். .45 கோல்ட் வேற, அது நீளமான ரிவால்வர் தோட்டா, பேச்சு வழக்குல லாங் கோல்ட்னு சொல்லுவாங்க. .45 கேப்னு குட்டையா இன்னொண்ணும் உண்டு, அதிகம் கிடைக்காது.

.32: பிஸ்டலுக்கு .32 ஏசிபி, இதுக்கே 7.65 எம்எம் பிரவுனிங்னும் பேரு. ரிவால்வருக்கு .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். ஊர்ல லைசென்ஸ் வச்சிருக்கிற சொந்தக்காரங்களுக்கும் இது பொருந்தும், இந்திய ஆர்டினன்ஸ் ஃபேக்டரி பிஸ்டல், ரிவால்வர் ரெண்டுமே .32-ன்னுதான் பேசிக்குவாங்க, உள்ள போற தோட்டா வேற வேற. 7.65 பாராபெல்லம்னு இருந்தா அதுவும் வேற, அமெரிக்கால .30 லூகர்.

.22: லாங் ரைஃபிள்தான் எல்லாரும் பழகுறது. பேருல ரைஃபிள் இருக்கேன்னு பயப்படாதீங்க, பிஸ்டல்லயும் அதான். .22 மேக்னம் கூடு தடிமன், லாங் ரைஃபிளை அந்த சேம்பர்ல போட்டா லொட லொடன்னு உள்ள போகும், சுட்டா கூடு கிழியும்.

8. பெட்டி லேபிள்ல மீதி எழுத்துக்கள்

என் மேஜையில இப்போ ஒரு பெட்டி இருக்கு, அதுல உள்ளதை அப்படியே படிக்கிறேன்: "9 எம்எம் லூகர், 115 கிரெய்ன், எஃப்எம்ஜே, 50 ரவுண்ட்ஸ்."

கிரெய்ன்ங்கிறது எடை. 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு, 15.4 கிரெய்ன் ஒரு கிராம். 115 கிரெய்ன்னா ஏழரை கிராம் கிட்ட. இது குண்டோட எடை. உள்ள இருக்கிற மருந்தோட எடைன்னு நான் ரெண்டு வாரம் நினைச்சுக்கிட்டு இருந்தேன், நம்பர் கூடினா பவர் கூடும்னு நினைச்சு 147 வாங்கக் கூடப் போனேன். அப்படி இல்ல. 9 எம்எம்ல 115, 124, 147 மூணும் சாதாரணம், பழகுறதுக்கு 115 போதும், அதுதான் விலையும் கம்மி. .45 ஏசிபின்னா 230, .38 ஸ்பெஷல்னா 158-ங்கிறது வழக்கமான எடை.

எஃப்எம்ஜேன்னா ஈயக் குண்டுக்கு மேல செம்பு உறை முழுசா போட்டது, ரேஞ்சுக்கு இதான். ஜேஎச்பின்னா மூக்குல குழி உள்ளது, விலை அதிகம், பெட்டியில பல நேரம் 20-தான் இருக்கும். பழகறதுக்குத் தேவையில்ல. வாட்கட்டர்னா தட்டையான மூக்கு, டார்கெட் பேப்பர்ல வட்டமா ஓட்டை போடும்.

+பி-ன்னு இருந்தா நிப்பாட்டி யோசிங்க. வழக்கத்தை விட அழுத்தம் கூட ஏத்தினதுன்னு அர்த்தம். 9 எம்எம்ல சாதாரணம் 35,000 பிஎஸ்ஐ, +பி-ல 38,500. துப்பாக்கி மேனுவல்ல +பி சுடலாம்னு எழுதியிருந்தா மட்டும் வாங்குங்க. +பி+-ன்னு ரெண்டு பிளஸ் போட்டதும் வரும், அதுக்கு சாமி அமைப்போட அளவுகோலே கிடையாது, எவ்வளவு ஏத்தியிருக்காங்கன்னு பொதுவா ஒரு கணக்கு இல்ல. புதுசா வர்றவங்க தொடவே வேண்டாம்.

தோட்டாவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாத்தா பிரைமரைச் சுத்தி கம்பெனி பேரும் தோட்டா பேரும் பொறிச்சிருக்கும், ஹெட்ஸ்டாம்ப்னு பேரு. வட்டத்துக்குள்ள சிலுவை இருந்தா நேட்டோ. பெட்டியை விட இதை நம்புங்க, பெட்டி மாறலாம். யாராவது பழைய பெட்டியில கலந்து போட்டுக் கொடுத்த தோட்டான்னா ஒவ்வொண்ணையும் திருப்பிப் பாக்காம சுடாதீங்க.

9. செலவு, நேரம், வாங்குற இடம்

டாலஸ் பக்கம் நான் கொடுக்கிற விலை: 9 எம்எம் 50 ரவுண்ட் 14-ல இருந்து 18 டாலர். .380 சின்னதா இருந்தாலும் 20-க்கு மேல, விக்கிற அளவு கம்மிங்கிறதால. .38 ஸ்பெஷலும் .45-ம் 25-ல இருந்து 30. முதல் துப்பாக்கி வாங்கப் போறவங்க இந்தக் கணக்கைப் போட்டுட்டு துப்பாக்கியைத் தேர்ந்தெடுங்க. ஒரு தடவை ரேஞ்சுக்குப் போனா நூறு ரவுண்ட் ஈஸியா போயிரும், மாசம் ரெண்டு தடவைன்னா வருஷத்துக்கு 2,400 ரவுண்ட், 9-க்கும் .45-க்கும் நடுவுல சில நூறு டாலர் வித்தியாசம் வரும்.

டெக்சாஸ்ல கடையில நேரா வாங்கினா பத்து நிமிஷ வேலை, டிரைவிங் லைசென்ஸ் போதும். ஆன்லைன்ல ஆயிரம் ரவுண்ட் வாங்கினா ஒரு ரவுண்ட் விலை குறையும், ஆனா கனம் அதிகம், ஷிப்பிங் சார்ஜைச் சேத்துப் பாருங்க. தபால்ல அனுப்ப அனுமதி இல்ல, தனியார் கூரியர்ல தரை வழியாத்தான் வரும், அதனால ஒரு வாரம் வச்சுக்கோங்க. பெரும்பாலும் பெரியவங்க கையெழுத்துப் போட்டு வாங்கணும், ஆபீஸ் போற நாள்ல வந்துட்டா திரும்பிப் போயிரும்.

முதல் தடவை ஒரே ஒரு பெட்டி மட்டும் வாங்கி உங்க துப்பாக்கியில சுட்டுப் பாத்துட்டு அப்புறம் மொத்தமா வாங்குங்க. திருப்பி எடுக்க மாட்டாங்கன்னு முன்னாடியே சொன்னேன். ரேஞ்ச்ல எதுக்கு அனுமதின்னும் கேளுங்க, நிறைய இன்டோர் ரேஞ்ச்ல ஸ்டீல் கூடு வச்ச தோட்டாவை விடுறதில்ல, வாசல்லயே காந்தம் வச்சு பாப்பாங்க. காந்தத்துல ஒட்டினா அன்னைக்கு அவங்க கடையிலயே கூட விலை கொடுத்து வாங்க வேண்டியதுதான்.

10. மேஜையில ஒரு நேரத்துல ஒரு பேரு மட்டும்

ரேஞ்ச்ல ரெண்டு துப்பாக்கி எடுத்துட்டுப் போனா ரெண்டு பெட்டியையும் ஒண்ணா திறந்து வைக்காதீங்க. ஒண்ணை முடிச்சு, மீதியைப் பெட்டியில போட்டு பையில வச்சுட்டு, அப்புறம் அடுத்ததைத் திறங்க. 9 எம்எம்ல ஒண்ணு .40 பெட்டிக்குள்ள விழுந்தா அவசரத்துல கண்ணுக்குத் தெரியாது.

போன்ல எடுத்து வச்ச பேரல் போட்டோவை, பெட்டி லேபிளை, ஹெட்ஸ்டாம்பை, மூணையும் பக்கத்துல வச்சு எழுத்தெழுத்தா பொருத்துங்க. இப்போ அண்ணனும் நானும் இதை சத்தமா படிச்சுதான் ஆரம்பிக்கிறோம். அவர் பேரலைப் படிப்பார், நான் தோட்டாவைப் படிப்பேன். அரை நிமிஷம்கூட ஆகாது.

சுடும்போது வழக்கமான சத்தம் இல்லாம "புஸ்"னு மட்டும் வந்தா, உதையும் இல்லன்னா, அந்த இடத்துலயே நிறுத்துங்க. குண்டு பேரலுக்குள்ளயே மாட்டியிருக்கலாம், அடுத்ததை சுட்டா பேரல் வெடிக்கும். இதுக்குப் பேரு ஸ்க்விப். சத்தமே வரலைன்னா டார்கெட் பக்கமே திருப்பி வச்சுக்கிட்டு குறைஞ்சது 30 செகண்ட் காத்திருங்க, சில நேரம் லேட்டா வெடிக்கும். ரெண்டுலயும் நீங்களே நோண்டாம சேஃப்டி ஆபீசரைக் கூப்பிடுங்க.

11. ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பையைக் கவுத்துக் கொட்டுங்க

ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற பையை வேற எதுக்கும் பயன்படுத்தாதீங்க, முக்கியமா சென்னை ஃபிளைட்டுக்கு. அந்தப் பையோட மூலையில ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்து, அது இந்தியால ஏர்போர்ட் ஸ்கேன்ல தெரிஞ்சா 1959-ம் வருஷ ஆயுதச் சட்டத்துல கேஸ். தெரியாம இருந்ததுன்னு கோர்ட்ல சொல்லி கேஸை ரத்து பண்ணினவங்க இருக்காங்க, ஆனா அதுக்கு வக்கீல், விசாரணைன்னு அலையணும், லீவுக்கு வந்த மூணு வாரம் போதாது. அந்தச் சட்டத்துல தோட்டாவோட பாகமும் தோட்டா கணக்குலதான் வரும், அதனால பையன் ஆசையா பொறுக்கி வச்ச காலிக் கூடும் வேண்டாம், கீ செயினா மாட்டின குண்டும் வேண்டாம்.

பேக் பண்றதுக்கு முந்தின நாள் பையை வெளிச்சத்துல கவுத்து உதறி, ஒவ்வொரு ஜிப்புக்குள்ளயும், லைனிங் கிழிசலுக்குள்ளயும் விரலை விட்டுத் துழாவுங்க. ஜாக்கெட் பாக்கெட்டையும் பாருங்க. போன டிசம்பர்ல அண்ணனோட ஜாக்கெட் உள் பாக்கெட்ல இருந்து ஒண்ணு வந்து விழுந்தது, திருப்பிப் பாத்தா .380. கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி.